எடை தாங்கும் பயிற்சி

நிலவில் வேலைக்கு அறுபது வயதுக்குக் குறைந்தவர்களை எடுப்பதில்லை. நேர்காணலில் தங்கக்கனி டீச்சர் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான்.

"அறுபது ஆச்சுன்னா வீட்டுக்குப் போன்னுதான் எல்லா எடத்துலயும் சொல்லுவாவ. நீங்க அறுபதுக்கு அப்புறம் வான்னு சொல்லுதிய. ஏன்?"

திரையில் இருந்த டாக்டர் வேதவல்லி நிலவிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார். கேள்வி அங்கே போய்ப் பதில் திரும்பி வரச் சற்று நேரமாயிற்று.

"இங்க கதிர்வீச்சு அதிகம் டீச்சர். அது புற்றுநோயா மாற இருபது, இருபத்தஞ்சு வருஷம் ஆகும். முப்பது வயசுக்காரங்களுக்கு அது பெரிய விஷயம். எனக்கு அறுபத்தாறு. தொண்ணூறுல வரப்போற வியாதிக்கு இப்பவே பயப்பட எனக்கு நேரமில்ல. நீங்க எதுக்கு வரணும்னு நினைக்கிறீங்க?"

"முழங்கால்" என்றார் தங்கக்கனி.

அவர் நாசரேத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். நீளம் தாண்டுவதில் மாவட்ட அளவில் பெயர் வாங்கியவர். ஐம்பத்தெட்டில் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோயின. அறுவை சிகிச்சை செய்தும் சரியாகவில்லை. கணவர் இறந்த பிறகு தாம்பரத்தில் மகள் ஷீபாவின் வீட்டுக்கு வந்தார். ஷீபா பாசமான பெண். அம்மா எழுந்திருக்க வேண்டாம், படியிறங்க வேண்டாம், அடுப்படிப் பக்கம் வர வேண்டாம். எல்லாம் கைக்கு வந்தது. ஒருநாள் தெருமுனை மைதானத்தில் பெண்பிள்ளைகள் எறிபந்து ஆடும் சத்தம் கேட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தங்கக்கனி மெல்லப் படியிறங்கினார். பாதிப் படியில் ஷீபா பார்த்துவிட்டாள். அன்று மாலையே மாடிப்படிக்கு மேலே ஒரு கம்பிக் கதவு போடப்பட்டது. கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளில் போடுவார்களே, அதே மாதிரிக் கதவு.

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் அவர் விண்ணப்பம் போட்டார். மகள் அழுதாள், கோபப்பட்டாள், ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் வழியனுப்ப வந்தாள்.

நிலவின் தென்முனையில், மண்ணுக்கடியில் குடைந்த சுரங்கங்களில் அந்தக் குடியிருப்பு இருந்தது. பள்ளங்களின் நிழலில் உறைந்து கிடக்கும் பனியை வெட்டி, உருக்கி, தண்ணீரும் எரிபொருளும் ஆக்குவதுதான் அங்கே வேலை. கடினமானதை இயந்திரங்கள் செய்தன. இயந்திரங்களை மேய்க்க மனிதர்கள் வேண்டியிருந்தது. எல்லோரும் நரைத்த தலைகள். எடையில் ஆறில் ஒரு பங்குதான் அங்கே மிஞ்சும். கைத்தடிகளை வந்த அன்றே ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள்.

தங்கக்கனி வந்து இறங்கி முதல் அடி வைத்தபோது முழங்கால் வலிக்கவில்லை. இன்னோர் அடி வைத்தார். வலிக்கவில்லை. நீளமான நடைவழி காலியாக இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் தாண்டினார். தரைக்கு வர நெடுநேரமாயிற்று. வந்தபோது எதிரே ஒரு பெரியவர் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார்.

"மெதுவா டீச்சர். மேல குழாய் போவுது, தலை இடிச்சிரும்" என்றார்.

அவர்தான் மொகுதூம். காயல்பட்டினத்துக்காரர். கப்பலில் எஞ்சின் பார்த்தவர். எழுபத்தெட்டு வயதில் அந்தக் குடியிருப்புக்கே மூத்தவர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள்; எல்லோரும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆறு வருடங்களுக்கு முன் அவருடைய இதயம் பாதிக்கு மேல் பழுதாகி, இன்னும் ஒரு வருடம்தான் என்று டாக்டர்கள் சொன்ன நிலையில் இங்கே வந்தார். எடை குறைந்த உடம்புக்கு ரத்தம் அனுப்ப அந்த இதயம் போதுமானதாக இருந்தது. ஒரு வருடம் என்றது ஆறு வருடமாகிவிட்டது.

அவரை உலகத்துக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நிறுவனம் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. பூமியிலிருந்து நேயர்கள் கேள்வி கேட்பார்கள், நிலவில் வாழும் முதியவர்கள் வாழ்க்கைக்கு யோசனை சொல்வார்கள். காக்காதான் அதன் நாயகன்.

"வயசான காலத்துல வாழ்க்கைய முழுசா வாழறதுக்கு என்ன செய்யணும் ஐயா?" என்று யாராவது உருக்கமாகக் கேட்பார்கள்.

"காது கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிருங்க. கேட்ட மாதிரி தலைய ஆட்டாதிய. பாதி சண்டை அதுலதான் வருது" என்பார் காக்கா.

இன்னொரு முறை, "புதுச் செருப்பு வாங்கினா உடனே போடுங்க. பத்திரமா எடுத்து வைக்காதிய" என்றார். அந்த வாரம் நிலவு வேலைக்கு விண்ணப்பங்கள் குவிந்ததாக நிறுவனம் மகிழ்ச்சியோடு தெரிவித்தது.

தங்கக்கனிக்குக் கொடுத்த வேலை பெல்ட் அறை. தோளிலும் இடுப்பிலும் பட்டைகளை மாட்டி, ஸ்பிரிங்குகளால் தரையோடு இழுத்துக் கட்டினால், பூமியில் இருக்கும் எடை உடம்பில் ஏறும். அந்த எடையோடு நடக்க வேண்டும், உட்கார்ந்து எழ வேண்டும்.

"இங்க ஒடம்பு சுகம் கண்டுடும் டீச்சர். எலும்பு கரையும், இதயம் சுருங்கும்" என்று டாக்டர் விளக்கினார். "ரெண்டு வருஷம் பெல்ட் போடாம இருந்தா, அப்புறம் பூமியில எறங்கினா எழுந்திருக்கவே முடியாது. எடை தாங்கறாங்களான்னு பரிசோதனை வைப்போம். தாங்கினா எப்ப வேணும்னாலும் ஊருக்குப் போகலாம். அது ஒப்பந்தத்துல இருக்கற உரிமை. தாங்கலன்னா இங்கேயேதான்."

தங்கக்கனி வந்த கொஞ்ச நாளில் நிறுவனம் அந்தப் பயிற்சியைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது. முதியவர்களைத் துன்புறுத்த வேண்டாம், விருப்பப்பட்டவர்கள் செய்யட்டும் என்றார்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. அறை காலியாகிவிட்டது. டாக்டர் மட்டும், "திருப்பி அனுப்பற கப்பலுக்குச் செலவு அதிகம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

தங்கக்கனி விடவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் ஆள் பிடித்தார்.

"நான் திரும்பிப் போற ஆளு இல்ல டீச்சர். எனக்கு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"நானும் போற ஆளு இல்லதான். போக வேண்டாம்னு சொல்லுதேன். ஆனா போக முடியாதவ வேண்டாம்னு சொன்னா அதுல என்ன இருக்கு? முடியணும். முடிஞ்சும் வேண்டாம்னு சொல்லணும். எந்திரிங்க."

முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளை விரட்டிய குரல். ஆட்கள் எழுந்தார்கள்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு காக்கா வந்தார்.

"டீச்சர், எனக்கும் மாட்டி விடுங்க."

"உங்க இதயத்துக்கு ஆவுமா காக்கா?"

"கொஞ்சமாக் கட்டுங்க. பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு பிடி ஏத்துங்க. ஒடம்பு ரொம்ப லேசாப் போச்சு. மனுசன் மாதிரியே இல்ல."

தங்கக்கனி டாக்டரைக் கேட்டார். இத்தனை நாள் இதயத்தைக் காரணம் காட்டி அவருக்கு விலக்கு இருந்தது; மெதுவாகச் செய்தால் இழந்த பலம் திரும்பும், நல்லதுதான் என்றார் டாக்டர். அன்றிலிருந்து காக்கா தினமும் வந்தார். முதலில் நான்கு அடி நடந்தாலே உதடு வெளுத்துவிடும். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த நான்கு அடிக்கு எழுவார். மாதங்கள் போயின. ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாகக் கூடின. தன் கையில் ஒரு மனிதர் இப்படித் தேறி வருவதைப் பார்த்து நெடுங்காலமாகிவிட்டது தங்கக்கனிக்கு. அவருக்காகவே அறையைச் சீக்கிரமாகத் திறந்து வைக்க ஆரம்பித்தார்.

காக்கா பாதி எடைக்கு மேல் தாங்கிய வாரத்தில் டாக்டர் தங்கக்கனியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மொகுதூம் அடுத்த கப்பலுக்குப் பேர் கொடுத்திருக்கார், தெரியுமா?"

"எங்க போறதுக்கு?"

"ஊருக்கு."

தங்கக்கனிக்குப் புரிய சற்று நேரமாயிற்று. "போனா என்ன ஆவும்?"

"எறங்கறத தாங்கிடுவார். நீங்க இப்படியே தயார் பண்ணிட்டே போனா அது நடக்கும். ஆனா நாள் முழுக்க, ராத்திரி முழுக்க அந்த எடைய அவர் இதயம் சுமக்க முடியாது. மூணு மாசம், மிஞ்சினா நாலு. இங்க இருந்தா எண்பத்தஞ்சைத் தாண்டலாம்."

"நீங்க சொல்லலியா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டுட்டு நன்றி சொன்னார்." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "நிறுவனத்துலேர்ந்தும் பேசினாங்க. அவர் போறது அவங்களுக்கு விருப்பமில்ல. அவர் போய்ச் சேர்ந்து, அங்க ஏதாவது ஆச்சுன்னா விளம்பரம் கெட்டுப்போகும். பயிற்சிய நிறுத்திட்டாப் போதும், பரிசோதனையில தானா தோத்துடுவார்னு சொல்றாங்க. அவங்க காரணம் வேற. ஆனா டாக்டரா எனக்கும் அதுதான் தோணுது. முடிவு உங்க கையில."

காக்கா தண்ணீர்ப் பிரிவில் ஒரு பம்பைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கக்கனி போய் எதிரே நின்றார்.

"என்னைய ஏமாத்திட்டிய காக்கா."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எது என்று கேட்கவில்லை. "சொல்லியிருந்தா பெல்ட்டு மாட்டியிருப்பியளா?"

"மாட்டியிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

"சாவுறதுக்கா என் கையால பயிற்சி எடுத்திய?"

"ஜைனம்பு அங்க இருக்கா டீச்சர்."

ஜைனம்பு அவர் மனைவி. மாலைதோறும் அவர்கள் போனில் பேசுவது எல்லோருக்கும் தெரியும்.

"அவங்கள இங்க வரச் சொல்லுங்க. கப்பலெல்லாம் இப்ப மெதுவாத்தான ஏறுது."

"ஏணியில ரெண்டு படி ஏறினா அவளுக்குத் தலை சுத்தும். ஆறு வருசமா கூப்பிட்டுப் பாத்துட்டேன்."

"தினமும் பேசுதியள்லா? மூஞ்சப் பாத்துத்தான பேசுதிய? அது போதாதா?"

காக்கா கையில் இருந்த திருகாணியைத் துணியால் துடைத்தார். "பேசுதேன். ஆறு வருசமாப் பேசுதேன். சொல்ல ஒண்ணும் பாக்கி இல்ல. ஆனா பேசாம இருக்க முடியல டீச்சர். கொஞ்சம் சும்மா இருந்தா, லைன் கட்டாயிட்டான்னு கேக்குறா. கப்பல்லேர்ந்து லீவுல வீட்டுக்குப் போனா, சாயந்தரம் அசர் தொழுகைக்கு அப்புறம் பின்வாசல்ல உக்காருவோம். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பொழுதடஞ்சு மக்ரிபு தொழுகை வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேச மாட்டோம். எனக்கு அதுதான் வேணும். அத போன்ல அனுப்ப முடியல."

தங்கக்கனி திரும்பி வந்தார். மறுநாள் பெல்ட் அறையைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. காக்கா வந்து மூடிய கதவுக்கு முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாகச் சாப்பாட்டுக்கூடத்தில் சொன்னார்கள்.

அன்று மாலை மகளைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார்.

"நீ பண்ணது கரெக்டும்மா" என்றாள் ஷீபா. "அந்த மனுஷனுக்கு இப்ப கோபமா இருக்கும். இருக்கட்டும். உயிரோட இருந்தாத்தானே கோபப்பட முடியும்? நல்லதுக்குத்தான்னு அப்புறமாப் புரிஞ்சிப்பார்."

"புரியலன்னா?"

"புரியலன்னாலும் பரவால்லம்மா. நமக்கு நிம்மதியா இருக்கும்ல."

தங்கக்கனிக்கு மகள் மேல் கோபம் வரவில்லை. முதல்முறையாக அவளுடைய பயம் எப்படிப்பட்டது என்று உள்ளே இருந்து தெரிந்தது. இந்த இரண்டு நாட்களாகத் தன் நெஞ்சில் கிடந்து அடித்துக்கொள்வதும் அதே பயம்தான். அம்மா விழுந்துவிடுவாளோ என்று அவள் எத்தனை இரவுகள் தூங்காமல் இருந்திருப்பாள்! ஆனாலும் கம்பிக் கதவுக்கு உள்ளே அடைபட்டு நின்றது தான்தானே.

"ஷீபா, உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, கேட்டியா?" என்றார்.

"எதுக்கும்மா இப்ப அது?"

"சும்மாதான். வச்சிருதேன்."

மறுநாள் காலை காக்காவின் அறைக் கதவைத் தட்டினார்.

"இப்பப் போனா ரெண்டு நாள் விட்டதப் பிடிச்சிரலாம். வாங்க. மூச்ச மட்டும் அடக்காதிய."

காக்கா செருப்பைத் தேடினார்.

டாக்டரிடமும் தங்கக்கனியே போய்ச் சொன்னார். "உங்க படிப்புக்கு நீங்க சொல்றது சரி டாக்டரம்மா. ஆனா என் வேலை ஆளுவள நிக்க வைக்கறது. நின்னதுக்கப்புறம் எங்க போறாவங்கறது என் வேலை இல்ல."

டாக்டர் நீண்ட மூச்சு விட்டார். "எனக்கும் ராத்திரி தூக்கமில்ல" என்றார். "பரிசோதனைய நேர்மையா நடத்துவேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

ஸ்பிரிங்குகள் எல்லாம் ஏறிப் பரிசோதனை நாள் வந்தபோது நேர்மையாகத்தான் நடத்தினார். முழு எடையையும் ஏற்றிக்கொண்டு காக்கா அந்த அறையை ஒரு சுற்று சுற்றி வந்து, சுவரைப் பிடிக்காமல் நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. டாக்டர் கருவியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை நிறுவனத்தால் தவிர்க்க முடியவில்லை. நேயர்கள் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"பூமிக்குத் திரும்பறீங்களாமே ஐயா. போய் என்ன செய்யப் போறீங்க?"

"உக்காருவேன்" என்றார் காக்கா.

மேலே ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை.

கப்பல் போன பிறகு தங்கக்கனிக்குச் சில நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை. பத்திரமாக இறங்கிவிட்டார், ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அவராகக் கூப்பிடவில்லை. இவரும் கூப்பிடவில்லை. பின்வாசலில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு நடுவில் போன் மணி அடிக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார். நடைவழியில் தாண்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. இப்போது தங்கக்கனியோடு தாண்ட இன்னும் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். டாக்டர் அதில் ஒருவர்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு மாலை அழைப்பு வந்தது. திரையில் வெள்ளை முக்காட்டோடு ஒரு முகம். பார்த்ததும் என்ன செய்தி என்று தெரிந்துவிட்டது.

"டீச்சர்தானே? நான் ஜைனம்பு. அவங்க மவுத்தாகி நாப்பது நாள் கழிஞ்சிட்டு. உங்களுக்கு நானே சொல்லணும்னு இருந்தேன்."

சாவு எப்படி வந்தது என்றுதான் தங்கக்கனி முதலில் கேட்டார். "கஷ்டப்பட்டாவளா லாத்தா?"

"இல்லம்மா. தூக்கத்துலதான். அல்லா லேசாக்கிட்டான்."

"நான்தான் லாத்தா பெல்ட்டு மாட்டி விட்டேன். நான் மாட்டலன்னா..."

"தெரியும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். உங்கள நான் ரொம்ப ஏசியிருக்கேன்" என்றார் ஜைனம்பு. குரலில் கோபம் இல்லை. "பேசாம ஒரு எடத்துல உக்காரணும், அதுக்குத்தான் வாறேன்னு சொல்லிட்டு வந்தாங்க. வந்த அன்னிலேர்ந்து வாய மூடலயே! எப்பப் பாரு உங்க ஊர்ப் பேச்சுதான். அங்க தண்ணி ஊத்தினா எப்படி மெதுவா விழும், டீச்சர் எப்படித் தாண்டுவாங்க, வானத்து ஓரத்துல பூமி எப்படித் தொங்கும். மக்ரிபு பாங்கு சொன்னாலும் நிறுத்த மாட்டாங்க."

தங்கக்கனிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஆறு வருசமாப் போன்ல சொன்னதுதான் எல்லாம்" என்று ஜைனம்பு தொடர்ந்தார். "அப்ப ஒண்ணும் மண்டையில ஏறல. ஏதோ சொல்லுதாங்கன்னு ம்ம் போடுவேன். பக்கத்துல உக்காந்து, கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னப்பத்தான் எனக்கு எடமே கண்ணுல தெரிஞ்சிச்சு. இப்ப வீட்ல இருக்கேன். புள்ளைங்க நல்லாப் பாத்துக்குதுவ. ஒரு குறையும் இல்ல. ஆனா அத நேர்ல பாக்கணும் போல இருக்கு டீச்சர்."

தங்கக்கனி திரையை நெருங்கி உட்கார்ந்தார். "எத லாத்தா?"

"உங்க ஊரத்தான். எழுபத்திநாலு எனக்கு. சேத்துக்குவாங்களா?"

"வயசு ஒண்ணும் தடையில்ல. ஆனா உங்களுக்குத் தலை சுத்தும்னு காக்கா சொன்னாவளே?"

"சுத்தும். சுத்தட்டுமே."

தங்கக்கனி என்னென்ன பரிசோதனை இருக்கும், யாரைக் கேட்க வேண்டும், எத்தனை நாள் பயணம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜைனம்பு கவனமாகக் கேட்டார். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடியும் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"அங்க மீன் கிடைக்குமா டீச்சர்?"

"கிடைக்காது லாத்தா. கருவாடுகூட இல்ல."

பூமியிலிருந்து பதில் வர ஆகிற நேரம் கடந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் போயிற்று. லைன் கட்டாகிவிட்டதா என்று தங்கக்கனி கேட்கவில்லை. காத்திருந்தார்.

"சரி, பரவால்ல" என்றார் ஜைனம்பு. "எப்பப் பேர் கொடுக்கணும்?"